குழந்தைகள் பாதுகாப்புக் குழுவில் புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளுக்கு

ஊராட்சியின் குழந்தைகள் பாதுகாப்புக் குழுவில் பெயர் கொடுத்திருக்கிறீர்கள். அங்கன்வாடியிலேயே காலம் கழித்தவள் என்ற உரிமையில் சில சொல்கிறேன்.

1. முதல் மாதம் தெருத் தெருவாக நடந்து வீடுகளைத் தெரிந்துகொள்ளுங்கள். பேரப்பிள்ளைகளைப் பாட்டி மட்டும் வைத்துப் பார்க்கும் வீடு எது, பொங்கல் கழிந்ததும் குடும்பத்தோடு செங்கல் சூளைக்குக் கிளம்பும் வீடு எது என்று தெரியாமல் யாருக்கும் உதவ முடியாது.

2. எடை போடும் நாளில் அங்கன்வாடிக்குப் போய்க் கூட நில்லுங்கள். தொங்கு தராசில் வெறும் பையை மாட்டி, முள் சுழியத்தில் நிற்கிறதா என்று பார்த்த பிறகே குழந்தையை உட்கார வைக்க வேண்டும். பிள்ளையின் கால் தாயின் மடியில் ஊன்றியிருந்தால்கூட எடை குறைத்துக் காட்டும். 1980இல் தொடங்கிய தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் ஒரு நல்ல வழக்கத்தைக் கொண்டுவந்தது. மூன்று வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளை மாதாமாதம் எடை போட்டார்கள். எடை சரியாக ஏறாத பிள்ளைக்குக் கூடுதல் சத்துணவு கொடுத்தார்கள். எலும்பும் தோலுமாகும்வரை காத்திருக்கவில்லை. நீங்களும் காத்திருக்காதீர்கள். எடை நின்றுபோன பிள்ளையின் வீட்டுக்குப் போங்கள். "சோறு போடுறியா இல்லையா?" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள், அந்தத் தாய் அடுத்த மாதம் வரவே மாட்டாள். வயிற்றுப்போக்கு இருந்ததா, அவள் எத்தனை மணிக்கு வேலைக்குக் கிளம்புகிறாள், பகலில் யார் ஊட்டுகிறார்கள் என்று கேளுங்கள். பாதி விஷயம் அங்கேயே தெரிந்துவிடும்.

3. கைக்குழந்தைக்குக் கொடுத்த சத்துமாவை அண்ணன், அக்கா எல்லாரும் தின்றால் கோபிக்காதீர்கள். அந்த வீட்டில் அரிசி பற்றவில்லை. ரேஷன் அட்டையில் எல்லார் பெயரும் இருக்கிறதா என்று பாருங்கள்.

4. படிக்கிற பெண் நாலு நாள் பள்ளிக்கு வரவில்லை என்றால், வீட்டில் கல்யாணப் பேச்சு நடக்கிறதா என்று அன்றைக்கே விசாரியுங்கள். பத்திரிகை அடித்து, மண்டபத்துக்கு முன்பணம் கொடுத்த பிறகு கல்யாணத்தை நிறுத்துவது பெரும்பாடு. அந்தப் பெண்ணுக்கும் அவமானம். அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை படித்துக் கல்லூரிக்குப் போனால், புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கும் என்பதை அவள் அப்பாவிடமும் சொல்லுங்கள். சொல்லியும் கேட்காவிட்டால் குழந்தைகள் உதவி எண் 1098க்கு அழையுங்கள். 18 வயதுக்கு முன் கல்யாணம் குற்றம். தகவல் சொன்னது யார் என்பது உங்கள் வாயிலிருந்து வரக் கூடாது.

5. பிள்ளையிடம் யாராவது தவறாக நடந்தால் ஊர்ப் பஞ்சாயத்துக்கு அங்கே வேலையே இல்லை. 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி, தெரிந்தவர் புகார் சொல்லியே ஆக வேண்டும். ஆளாளுக்குக் கூப்பிட்டு அந்தப் பிள்ளையிடம் திரும்பத் திரும்பக் கேட்பதைத் தடுங்கள்.

6. கூட்டத்தை ஊர்ச் சாவடியிலேயே வைத்தால் காலனிப் பெண்கள் வர மாட்டார்கள். ஒரு மாதம் அங்கே, ஒரு மாதம் காலனியில் என்று மாற்றி வையுங்கள். வேலை முடிந்து வருகிற சாயங்கால நேரமே சரி.

7. ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 கிராம சபைகளுக்குத் தவறாமல் போங்கள். உங்கள் ஊர் அங்கன்வாடிக் கூரை ஒழுகினால் எழுந்து சொல்லி, தீர்மானத்தில் எழுத வையுங்கள். எழுதியதை வாசித்துக் காட்டச் சொன்ன பிறகு கையெழுத்துப் போடுங்கள்.