தினம் ஒரு வார்த்தை... ரிப்போர்ட்டே பாடப்புத்தகம்!

எதிர்வீட்டு மாமி ஒருநாள் சாயங்காலம் ஸ்கேன் ரிப்போர்ட்டும் கையுமாக ஓடி வந்தார். கண்ணெல்லாம் கலங்கியிருந்தது. ''லிவர் அன்ரிமார்க்கபிள்னு போட்டிருக்கே, ஏதாவது மோசமா?'' என்றார். 'குறிப்பிட்டுச் சொல்லும்படி கோளாறு எதுவும் தென்படவில்லை' என்பதுதான் அதற்கு அர்த்தம் என்று விளக்கிய பிறகுதான் தண்ணீர் வாங்கிக் குடித்தார்.

இங்கிலீஷ் கற்றுக்கொள்ள டிக்‌ஷனரி வாங்கி 'ஏ'யிலிருந்து மனப்பாடம் செய்பவர்கள் உண்டு. பத்தாம் நாள் டிக்‌ஷனரி பரணுக்குப் போய்விடும்! அதைவிட, உங்கள் அலமாரியில் இருக்கும் பழைய ரிப்போர்ட்டுகளை எடுங்கள். தினம் ஒரு வார்த்தை போதும்.

முதலில் 'ஐடிஸ்'. கிரேக்க மொழியிலிருந்து வந்த வால் இது. எந்த உறுப்போடு ஒட்டுகிறதோ, அங்கே அழற்சி என்று அர்த்தம். டான்சிலைடிஸ், அப்பெண்டிசைடிஸ் உங்களுக்கே தெரியும். இரைப்பை என்றால் கேஸ்ட்ரைடிஸ், மூட்டு என்றால் ஆர்த்ரைடிஸ், கல்லீரல் என்றால் ஹெபடைடிஸ். ஒரு வாலைப் பிடித்தால் ஐந்து வார்த்தை கையில்!

அடுத்தது கொஞ்சம் கவனம். 'ஹைப்பர்' என்றால் அதிகம், 'ஹைப்போ' என்றால் குறைவு. ரத்தத்தில் சர்க்கரை ஏறினால் ஹைப்பர்கிளைசீமியா, இறங்கினால் ஹைப்போகிளைசீமியா. காதில் விழும்போது இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். ஆனால், சர்க்கரை இறங்கி வியர்த்து நடுங்குபவருக்கு, நினைவோடு இருந்து விழுங்க முடிந்தால், உடனே குளுக்கோஸோ சர்க்கரைத் தண்ணீரோ தரவேண்டும். ஏறியவருக்கு அதையே கொடுத்தால் இன்னும் ஏறும். டாக்டரிடம் போனில் மாற்றிச் சொல்லிவிட்டால் என்ன ஆகும், யோசித்துப் பாருங்கள்.

ஹைப்பர்டென்ஷன் என்பதும் மனசு டென்ஷன் இல்லீங்க, உயர் ரத்த அழுத்தம். பரம சாதுவுக்கும் வரும்!

'அக்யூட்' என்றால் திடீரென வந்தது. 'க்ரானிக்' என்றால் நாள்பட்டது.

சரி, படித்தது மறந்துபோகிறதே? ஜெர்மனியின் ஹெர்மன் எபிங்காஸ் தன்மீதே சோதனை செய்து 1885-ல் இதை எழுதினார்: படித்ததில் பெரும்பகுதி முதல் நாளிலேயே நழுவிவிடுகிறது. அதனால் காலையில் படித்ததை அன்று ராத்திரி, மறுநாள், ஒரு வாரம் கழித்து என்று திரும்பிப் பாருங்கள். சும்மா வாசிக்காமல், அர்த்தத்தைக் கையால் மூடிக்கொண்டு சொல்லிப் பாருங்கள். கிழித்த காலண்டர் தாளில் எழுதி ஃபிரிட்ஜ் மேல் ஒட்டினால், பிள்ளைகளும் கூடவே படிப்பார்கள்.

இன்றைய வார்த்தை 'பினைன்'. கட்டி புற்றுநோய் அல்ல என்று அர்த்தம். இதன் எதிர்ச்சொல்லை நாளைக்குள் நீங்களே தேடிப் பிடியுங்கள்!