பிள்ளைகளின் தேகப் பயிற்சியும் மார்க்கம் காட்டும் அளவும்

 

நம் வீட்டுப் பிள்ளைகளின் ஒரு நாளைச் சற்று எண்ணிப் பார்ப்போம். சுபுஹுக்குப் பின் மதரஸா, அடுத்துப் பள்ளிக்கூடம், மாலையில் டியூஷன், இரவில் கைபேசி. ஓடியாட நேரம் எங்கே? "விளையாடியது போதும், வந்து ஓது" என்னும் வாப்பாமார்கள் நிறைய உண்டு. "ஓதியது போதும், சற்று ஓடிவிட்டு வா" என்பவர் அரிது. மறுபுறம், மகன் கோப்பை வாங்கி வரவேண்டும் என்பதற்காக, நொண்டும் காலோடு அவனை மைதானத்துக்கு விரட்டும் தந்தையரும் உள்ளனர். முன்னவர் குறைக்கிறார், பின்னவர் மீறுகிறார். இருவரும் மறந்தது ஒன்றே: அளவு.

நம் உடல் நமக்குச் சொந்தமன்று. அல்லாஹுத்தஆலா தந்த அமானத். இரவெல்லாம் நின்று வணங்கி, பகலெல்லாம் நோன்பு நோற்று வந்த அப்துல்லாஹ் இப்னு அம்ரு (ரலி) அவர்களை அழைத்து, உடலுக்கும் கண்ணுக்கும் மனைவிக்கும் அவர் மீது உரிமை இருப்பதை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் உணர்த்தினார்கள். இபாதத்திலேயே உடலின் ஹக்கைக் காக்கச் சொன்ன மார்க்கம் இது. வலிமையுள்ள முஃமின் வலிமை குன்றிய முஃமினை விட அல்லாஹ்வுக்கு உவப்பானவர் என்றும், இருவரிடமும் நன்மை உண்டு என்றும் அவர்கள் அறிவித்ததை ஸஹீஹ் முஸ்லிமில் காண்கிறோம். ஆகவே பிள்ளைகளின் உடலை வலுப்படுத்துவது வீண் வேலையன்று.

"ஐந்து வேளைத் தொழுகையே தேகப் பயிற்சிதானே, வேறு எதற்கு?" என்று சிலர் கேட்பர். தொழுகை இபாதத், அல்லாஹ்வின் முன் அடியான் நிற்கும் நிலை. அதைக் கசரத்தாக எண்ணுவது தகாது. இதயம் விரைந்து துடிக்கும் ஓட்டத்துக்கு அது ஈடாகவும் ஆகாது. 5 முதல் 17 வயது வரையுள்ளோர் நாள்தோறும் சராசரி 60 நிமிடமாவது மூச்சு வாங்கும்படி உடலை இயக்கவேண்டும். வாரத்தில் 3 நாளாவது தசையும் எலும்பும் வலுப்படும் பயிற்சி வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் கூறுகிறது. ஒரே மூச்சில் 60 நிமிடம் வேண்டியதில்லை. பள்ளிக்கு நடப்பதும், சைக்கிள் மிதிப்பதும், அஸருக்குப் பின் ஆடும் கபடியும் கணக்கில் சேரும்.

இனி அளவுக்கு வருவோம். மதீனாவில் நாயகம் (ஸல்) அவர்கள் குதிரைப் பந்தயம் நடத்தியதை இமாம் புகாரி (ரஹ்) பதிவு செய்துள்ளார்கள். பழக்கி உடல் இறுக்கப்பட்ட குதிரைகளுக்கு அல்ஹஃப்யா என்ற இடத்திலிருந்து ஸனிய்யத்துல் வதா வரை, 5 அல்லது 6 மைல் தூரம். பழக்கப்படாத குதிரைகளுக்கோ ஸனிய்யாவிலிருந்து பனூ ஸுரைக் பள்ளிவாசல் வரை, சுமார் 1 மைல் மட்டுமே. அப்துல்லாஹ் இப்னு உமர் (ரலி) அவர்களும் அதில் குதிரை ஓட்டினார்கள். பழகாத குதிரை மீது பழகிய குதிரையின் தூரத்தை ஏற்றவில்லை என்பதை நாம் கவனிக்கவேண்டும். குதிரைக்கே இந்த அளவு என்றால், வளரும் பிள்ளைக்கு எவ்வளவு கவனம் வேண்டும்!

இதே இப்னு உமர் (ரலி) அவர்கள் ஹிஜ்ரி 3-இல் நடந்த உஹதுப் போருக்குத் தம்மையும் சேர்க்குமாறு முன்வந்தார்கள். அப்போது வயது 14, அனுமதி கிடைக்கவில்லை. பின்னர் அகழ்ப் போரில், 15 வயதில், அனுமதி கிடைத்தது. ஆர்வம் இருந்தும் வயதைப் பார்த்து நிறுத்தினார்கள். நேரம் வந்ததும் ஏற்றார்கள். பெற்றோருக்கு இதைவிடப் பாடம் வேண்டுமா?

அனுபவத்தில் இதை எப்படிக் கடைப்பிடிப்பது?

1. தொடங்குமுன் 5 முதல் 10 நிமிடம் மெல்ல நடந்து, கைகால்களை அசைத்து உடலைச் சூடேற்ற வேண்டும். முடிக்கும்போதும் சட்டென நிற்காமல் மெல்லத் தணிய வேண்டும்.

2. சாதாரணப் பயிற்சியில் பிள்ளையால் பேச முடிய வேண்டும். நீட்டி ஓத முடியாதிருக்கும். பேச்சே வராவிட்டால் அது கடும் பயிற்சி. பழகாத பிள்ளையை அதில் இறக்கலாகாது.

3. வளரும் பருவத்தில் எலும்பு முனைகளில் மிருதுவான குருத்தெலும்பு இருக்கும். எலும்பு நீள்வது அங்கேதான். ஆகவே தூக்க இயன்ற உச்ச எடையைத் தூக்கிக் காட்டும் போட்டி கூடாது. தண்டால், பஸ்கி, கயிறு தாண்டல் போதும். எடை தூக்குவதானால் தெரிந்தவர் கண்காணிப்பில், பிசகாமல் 8 முதல் 15 தடவை தூக்கக்கூடிய இலேசான எடையே வேண்டும். சதை ஏறும் என்று விற்கப்படும் ஊக்க ஊசி, மாத்திரைகளை அண்டவே விடாதீர்கள். அவை வளர்ச்சியை முன்னதாகவே நிறுத்திவிடக்கூடும்.

4. ஒரே விளையாட்டை நாள் தவறாமல் ஆடினால் முழங்காலின் கீழும் குதிகாலிலும் வலி வரும். வாரத்தில் ஓரிரு நாள் ஓய்வு கட்டாயம். வலியோடு ஆடுவது வீரமன்று.

5. உச்சி வெயிலில் ஓட்டம் வேண்டாம். தாகம் எடுக்குமுன் தண்ணீர் கொடுங்கள். தலைசுற்றல், வாந்தி, தடுமாற்றம் கண்டால் நிழலில் கிடத்தி, உடலை நனைத்து, உடனே மருத்துவரிடம் செல்லுங்கள். ஓடும்போது நெஞ்சு வலித்தாலோ மயங்கி விழுந்தாலோ, மருத்துவர் பார்த்துச் சொல்லும்வரை விளையாட்டை நிறுத்துங்கள்.

6. குளம், கிணறு, ஆற்றுக்குப் பிள்ளைகளைத் தனியே அனுப்பாதீர்கள். நீந்தத் தெரிந்த பெரியவர் கண்பார்வையில் இருக்கவேண்டும்.

7. ரமலானில் நோன்பு நோற்கும் பிள்ளைக்குப் பகலில் கடும் பயிற்சி வேண்டாம். இஃப்தாருக்குப் பின் உணவு செரித்ததும் இலேசாக நடக்கட்டும்.

பெண்பிள்ளைகளை மறந்துவிடக் கூடாது. ஆயிஷா (ரலி) அன்னையாருடன் நாயகம் (ஸல்) அவர்கள் ஓட்டப்பந்தயம் ஓடியதை அபூதாவூதில் காண்கிறோம். எலும்பு உறுதிபெறுவது இளம் பருவத்தில்தான். அப்போது முடக்கி வைத்தால் முதுமையில் வருந்த நேரும். முற்றத்திலோ மாடியிலோ, அடக்கமான தளர்ந்த உடையில் அவர்கள் கயிறு தாண்டட்டும், நொண்டி ஆடட்டும். உம்மாவும் உடன் சேர்ந்தால் இன்னும் நன்று.

ஆட்டம் தொழுகை நேரத்தை விழுங்கக் கூடாது. பந்தயப் பணம் நுழையக் கூடாது. மஃரிப் பாங்குக்குள் பிள்ளை வீடு திரும்ப வேண்டும்.

தொழுகையைக்கூட ஏழு வயதில் ஏவி, பத்து வயதில் கண்டிப்பு காட்டச் சொல்லிப் படிப்படியாகவே பழக்கியது நம் மார்க்கம். அந்தப் படியைப் பிள்ளைகளின் உடலுக்கும் நாம் கொடுப்போமாக. ஒப்படைக்கப்பட்ட அமானத்தைக் குறைவின்றிக் காக்க வல்ல அல்லாஹ் நமக்கு அருள்புரிவானாக! ஆமீன்.