விசைத்தெளிப்பானில் கயிறு அறுந்தால்

சோழபுரம், இராஜபாளையம் வட்டாரத்தில் மா பூக்கும் தை, மாசியில் தத்துப்பூச்சிக்கு மருந்தடிப்பதைத் தள்ளிப்போட முடியாது. அந்த நேரம் பார்த்துத்தான் விசைத்தெளிப்பானின் ஸ்டார்ட்டர் கயிறு அறும். சாய்வாக இழுத்தால் துளை விளிம்பில் உரசி நைந்துவிடுகிறது.

முதலில் பிளக் வயரைக் கழற்றவும். பிறகு ஸ்டார்ட்டர் மூடியைக் கழற்றி, கப்பியில் மிஞ்சிய பழைய கயிற்றை எடுக்கவும். கப்பியைத் தூக்க வேண்டாம்; அடியிலுள்ள சுருள்வில் தெறித்தால் கண்ணுக்கு ஆபத்து. கயிறு இழுபடும் திசையில் கப்பியை வில் இறுகும்வரை சுற்றி, ஒரு சுற்று தளர்த்தி, இரு துளைகளும் நேராக வரும் இடத்தில் பிடித்துக்கொண்டு, அதே கனமும் நீளமும் உள்ள நைலான் கயிற்றைக் கோத்து முடிச்சிடவும். பிடியை மாட்டி, மெல்ல உள்ளே போகவிடவும்.

கயிறு முழுதும் வெளியே வந்த பின்னும் கப்பி அரைச் சுற்றாவது சுழல வேண்டும். இல்லையேல் வில் முறியும். கயிறு வந்தும் எஞ்சின் சுழலாவிட்டால் கொக்கிகளில் அழுக்கு. துடைத்தால் பெரும்பாலும் சரியாகும்.

இனி இறுக்கம் தட்டும்வரை மெல்ல இழுத்து, அதன்பின் வெடுக்கென இழுக்கவும். பிடியைக் கையிலிருந்து நழுவ விடாதீர்கள்.