போத்தலுக்கு வராத கணக்கு

அன்புள்ள தங்கச்சிக்கு,

தேயிலைப் படிப்பு முடிந்ததும் பூச்சிப் பக்கம் போகப் போகிறேன் என்று எழுதியிருந்தாய். நல்ல முடிவு. பதுளையைச் சுற்றி ஆராய்ச்சிக்குப் புழுவுக்குப் பஞ்சமில்லை.

புழுக்களைப் போத்தலில் போட்டு, வாயைத் துணியால் கட்டி, வெளிவரும் ஒட்டுண்ணிக் குளவிகளை எண்ணுகிறாயாம். எண்ணு. ஆனால் அந்தக் கணக்கை நம்பி அறிக்கை எழுதிவிடாதே. சில குளவிகளின் கதையில் பெரும்பகுதி போத்தலுக்கு வருமுன்பே, புழுவின் வயிற்றுக்குள்ளேயே நடந்து முடிந்துவிடுகிறது.

கொப்பிடோசோமா புளோரிடானம் என்ற சின்னக் குளவியை எடுத்துக்கொள். முதுகை வளைத்து நடக்கும் கோவாப் புழு முட்டையாக இருக்கும்போதே அதற்குள் இது முட்டையிடும். அந்த ஒரு முட்டை பிளந்து பிளந்து ஆயிரத்துக்கு மேற்பட்ட முளையங்களாகும்; 2,000த்தைத் தாண்டுவதும் உண்டு. எல்லாம் ஒரே அச்சு. ஆனால் ஒரு பகுதி முளையங்கள் மற்றவற்றுக்காகக் காத்திருப்பதில்லை. முந்திக்கொண்டு குடம்பியாகி, நீண்ட உடலும் கடிக்கும் தாடையுமாகப் புழுவின் உடலுக்குள் உலாவும். இவைதான் படைக் குடம்பிகள். இவை ஒருபோதும் குளவியாவதில்லை. மற்றவை புழுவைத் தின்று தீர்க்கும்போது இவை செத்துப்போகும்.

இத்தாலியரான சில்வெஸ்திரி இந்த விசித்திரக் குடம்பிகளை 1906இலேயே விவரித்துவிட்டார். அவை காவலுக்கு நிற்பவை என்று யோலாண்டா குரூஸ் காட்டியது 1981இல். கண்ணில் பட்டதற்கும் விளங்கியதற்கும் இடையில் 75 வருடம்! அதனால் உனக்கு ஒன்று உடனே புரியாவிட்டால் மனம் தளராதே. பார்த்ததை வரைந்து வை.

காவல் என்றதும் தியாகம் என்று உருகிவிடாதே. வேற்றுக் குளவியின் குடம்பி உள்ளே இருந்தால் கடித்துக் கொல்வது உண்மைதான். சொந்தச் சகோதரர்களையும் அவை விடுவதில்லை. தாய் பல சமயம் கருக்கட்டிய முட்டை ஒன்றும் கருக்கட்டாத முட்டை ஒன்றும் இடும். முதலாவதிலிருந்து பெண்கள், இரண்டாவதிலிருந்து ஆண்கள். பெண் பக்கத்துப் படை ஆண் முளையங்களைத் தின்று குறைக்கிறது என்று 1992இல் கண்டார்கள். வெளியே வந்ததும் கூடப்பிறந்தவர்களுக்குள்ளேயே இணைசேர்வதால் சில ஆண்கள் போதும். இனி உன் போத்தலைப் பார்: நூற்றுக்கணக்கில் பெண், ஒன்றிரண்டு ஆண். தாய் அப்படித்தான் முட்டையிட்டாள் என்று எழுதினால் பிழை. நடந்தது உள்ளே நடந்த கொலை.

வெலிமடைப் பக்கம் போனால் உருளைக்கிழங்குப் பாத்திகளையும் பார். கிழங்கைத் துளைக்கும் அந்துப்பூச்சிக்கு எதிராக இதே பேரினத்துக் கொப்பிடோசோமா கோலேரியைத் தென் அமெரிக்காவிலிருந்து இந்தியா உட்படப் பல நாடுகளுக்குக் கொண்டுபோனார்கள். அதன் பெண் கூட்டத்தில் படைக் குடம்பி இருந்தால் பெரும்பாலும் ஒன்றே ஒன்று.

நம் மலைகளுக்கு வந்த குளவி வேறு. தேயிலை இலைகளை ஒட்டிச் சுருட்டும் டோட்ரிக்ஸ் புழுவுக்காக மெக்ரோசென்ட்ரஸ் ஹோமோனே 1935–36இல் ஜாவாவிலிருந்து வந்தது. அது வேரூன்றியதும் டோட்ரிக்ஸ் அடங்கியது. பிறகு தேயிலைக் கொப்பைத் துளைக்கும் வண்டுக்கு டில்ட்ரின் அடித்தார்கள். குளவி செத்தது, டோட்ரிக்ஸ் மறுபடி கிளம்பியது. மருந்தடித்தவர்கள் முட்டாள்கள் அல்ல. வண்டின் துளைகளை எண்ணினார்கள், குளவியை எண்ண யாரும் இல்லை. அந்த வேலையைத்தான் நீ எடுத்திருக்கிறாய். மெக்ரோசென்ட்ரஸ் பேரினத்திலும் முட்டை பலவாய்ப் பிளக்கும் இனங்கள் உண்டு. ஆனால் படைக் குடம்பிகள் இதுவரை கொப்பிடோசோமாவின் குடும்பத்தில்தான் தெரியவந்திருக்கின்றன; டோட்ரிக்ஸுக்குள் அவற்றைத் தேடி நாளை வீணாக்காதே.

செய்ய வேண்டியது இதுதான். ஒரே நாளில், ஒரே மலையில் பிடித்த புழுக்களை இரண்டாகப் பிரி. பாதியைப் போத்தலில் வளர். மறுபாதியை முழு வளர்ச்சிக்கு முன்பே, வெவ்வேறு பருவங்களில், உப்புக் கரைசலில் வைத்து நுணுக்குக்காட்டியின் கீழ் திற. அசையாத வெள்ளை முளையக் கொத்து வேறு, நெளியும் குடம்பி வேறு. அதன் தாடையைப் பார். கோவாப் புழு விறைத்துப்போய், தோலில் மணிமணியாகப் புடைத்திருந்தால் பிந்திவிட்டாய். படை அதற்குமுன்பே முடிந்திருக்கும்.

மருந்தடித்த திகதியையும் மருந்தின் பெயரையும் தோட்ட வெளிக்கள உத்தியோகத்தரிடம் கேட்டு, புழு பிடித்த பக்கத்திலேயே குறித்துக்கொள். அதில்லாமல் உன் எண்களை நான் வாசிக்க மாட்டேன்.

அன்புடன்,
அண்ணன்