பாதாளச் சாக்கடைக்கு யார் பணம் கட்டுவது?

அன்புள்ள நண்பருக்கு,

தெருவில் மேன்ஹோல் பொங்கி வழியும்போது கழிவுநீர்க் கட்டணத்தை உயர்த்த எப்படி மனம் வருகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். கோபம் நியாயமானது. ஆனால், "முதலில் சரிசெய்யட்டும், அதுவரை கடன் வாங்கிச் சமாளிக்கட்டும்" என்று கடிதத்தை முடித்திருக்கிறீர்களே, அதை என்னால் ஏற்க முடியவில்லை.

சென்னையின் பழைய பாதாளச் சாக்கடை 1910 வாக்கில் வடிவமைக்கப்பட்டது. 1961-இல் நகரில் 6.6 லட்சம் பேர் இருப்பார்கள், ஆளுக்கு நாளொன்றுக்கு 114 லிட்டர் என்பது அன்றைய கணக்கு. 1961 வந்தபோது மக்கள்தொகை 17 லட்சத்தைத் தாண்டியிருந்தது. பிறகு விரிவாக்கங்கள் நடந்தன. 1978-இல் குடிநீரையும் கழிவுநீரையும் கவனிக்க மெட்ரோ வாட்டர் வாரியம் வந்தது. ஆனாலும் பழைய பகுதிகளில் தனி வீடு நின்ற மனைகளில் அடுக்குமாடிகள் எழுந்த வேகத்துக்கு அடியில் போகும் லைன் மாறவில்லை.

குழாய் தானாகவும் கெடும். தேங்கிய கழிவுநீரிலிருந்து கிளம்பும் ஹைட்ரஜன் சல்பைடு வாயு, குழாயின் மேற்கூரை ஈரத்தில் கந்தக அமிலமாகி கான்கிரீட்டை அரிக்கிறது. நம் ஊர் வெப்பத்தில் அது இன்னும் வேகமாக நடக்கும். மேல்பக்கம் மெலிந்துகொண்டே வந்து, ஒருநாள் சாலையோடு உள்ளே இறங்கிவிடும்.

அடைப்பெடுக்க மேன்ஹோல் குழிக்குள் இறங்கியவர்களைக் கொல்வதும் பெரும்பாலும் அந்த வாயுதான். பாதுகாப்பில்லாமல் மனிதரை உள்ளே இறக்குவதை, கையால் மலம் அள்ளுவதற்கு எதிரான 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்தது. இறந்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் என்று உச்ச நீதிமன்றம் 2014-இல் சொன்னது. 2023-இல் அதை 30 லட்சமாக உயர்த்தியது. அப்படியும் சாவுச் செய்திகள் நிற்கவில்லை. அடைப்பெடுக்கும் எந்திரத்துக்கும், அடிக்கடி அடைத்துக்கொள்ளும் லைனை மாற்றவும் பணம் வேண்டும். நாம் தள்ளிப்போடும் செலவு அந்தத் தொழிலாளர்கள் தலையில் விழுகிறது. எனக்கு இந்த விஷயத்தில் மற்ற எல்லாவற்றையும்விட இதுதான் பெரிது.

கடன் என்றீர்கள். அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் ஜெஃபர்சன் கவுண்டி என்ற மாவட்டம் இருக்கிறது. பர்மிங்ஹாம் நகரம் அதில்தான். பராமரிக்காமல் விட்ட சாக்கடைகள் ஆறுகளில் கலந்தன. வழக்கு நடந்து, 1996-இல் சரிசெய்ய ஒப்புக்கொண்டார்கள். அதற்காக 300 கோடி டாலருக்கு மேல் கடன் ஏறியது. இடையில் வட்டி ஒப்பந்தச் சூதாட்டம், லஞ்சம், அதிகாரிகளுக்குச் சிறை. 2011 நவம்பரில் மாவட்டமே திவால் மனு போட்டது. 2013-இல் அதிலிருந்து மீண்டபோது செய்துகொண்ட ஏற்பாட்டில், கழிவுநீர்க் கட்டணம் முதல் நான்கு ஆண்டுகள் ஆண்டுக்கு 7 சதவீதத்துக்கு மேலும், பிறகு ஆண்டுதோறும் 3.49 சதவீதமும் உயரும் என்று எழுதப்பட்டது. கடனைத் திருப்பிக் கட்டுவதும் கட்டணத்திலிருந்துதான். அந்தச் சுமை ஏழைக் குடும்பங்களைத்தான் அதிகம் வாட்டியது.

அதற்காக எந்த உயர்வையும் ஏற்கச் சொல்லவில்லை. நம் கழிவுநீர் வரி வீட்டின் ஆண்டு மதிப்பை வைத்துக் கணக்கிடப்படுகிறது. பெரும்பாலான வீடுகளில் மீட்டர் கிடையாது. மீட்டர் வைத்தாலும் போதாது: போர்வெல் தண்ணீரும் டேங்கர் லாரித் தண்ணீரும் வாரியக் குழாய் வழியாக வருவதில்லை, ஆனால் பெரும்பாலும் அதே சாக்கடைக்குள்தான் போகின்றன. நூறு ஃபிளாட் உள்ள வளாகமும் ஒற்றை அறைக் குடித்தனமும் சாக்கடைக்குள் விடுவது ஒன்றா? போர்வெல்லையும் டேங்கரையும் கணக்கில் சேர்த்துப் பெரிய வளாகங்களிடம் கூடுதலாக வாங்கட்டும். சிறிய வீடுகளுக்கு உயர்வே வேண்டாம். பத்தாண்டுகள் தொடாமல் வைத்திருந்து ஒரே அடியாக ஏற்றுவதைவிட ஆண்டுதோறும் கொஞ்சம் ஏற்றுவதே நல்லது. அப்படி வரும் கூடுதல் பணம் குழாய் மாற்றுவதற்கென்றே தனிக் கணக்கில் இருக்க வேண்டும். சம்பளத்துக்கோ வேறு திட்டத்துக்கோ அதைத் திருப்பினால் நானும் உங்களோடு சேர்ந்து எதிர்ப்பேன்.

உங்கள் வார்டில் அடுத்த பகுதி சபைக் கூட்டம் நடக்கும்போது போய்வாருங்கள். நம் தெரு லைன் எந்த ஆண்டு போட்டது, கடைசியாக எப்போது உள்ளே கேமரா விட்டுப் பார்த்தார்கள், மாற்றும் பட்டியலில் எத்தனையாவது இடத்தில் இருக்கிறது, அடைப்பெடுக்க யாரையாவது உள்ளே இறக்குகிறார்களா என்று எழுத்தில் கேளுங்கள். என்ன பதில் வருகிறது என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் நண்பன்