உங்கள் கையெழுத்து வேண்டியிருக்கிறது

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. பிளஸ் டூவோடு படிப்பு நின்றுவிட்டது, கையில் தனியாகப் பணம் கிடையாது, மகளைப் பள்ளிக்கு அனுப்பிய பிறகு மாலை நான்கு மணி வரைதான் உங்கள் நேரம், கூட்டம், போராட்டம் என்று வெளியூர் போக வீட்டில் விடமாட்டார்கள் என்று எழுதியிருந்தீர்கள். இப்படி இருக்கிற ஒருத்தியால் நாலு பேருக்கு என்ன செய்துவிட முடியும் என்றும் கேட்டிருந்தீர்கள். நீங்கள் குறையென்று அடுக்கியிருக்கும் இதே தகுதிகளோடு ஓர் ஆள் கிடைக்கமாட்டாரா என்று அலைகிறவர்களை எனக்குத் தெரியும். அவர்களைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

பார்வையற்ற மாணவர்கள் தேர்வெழுதும்போது, அவர்கள் சொல்லச் சொல்ல விடைத்தாளில் எழுத ஒருவர் வேண்டும். பேச்சில் ‘ஸ்க்ரைப்’, அரசு அறிவிப்புகளில் ‘சொல்வதை எழுதுபவர்’. பள்ளிப் பொதுத்தேர்வுகளுக்கு ஆசிரியர்களையே ஏற்பாடு செய்துவிடுகிறார்கள். கல்லூரியில் கால் வைத்த பிறகுதான் திண்டாட்டம். பல இடங்களில் மாணவரே ஆள் தேட வேண்டியிருக்கிறது. செமஸ்டர் தேர்வுகள் எல்லாக் கல்லூரிகளிலும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் வருகின்றன. வார நாள், பெரும்பாலும் காலை பத்து மணி. வேலைக்குப் போகிறவர்கள் ஒரு தாளுக்கு லீவு போடலாம், எல்லாத் தாளுக்கும் போட முடியாது. மற்ற கல்லூரி மாணவர்களுக்கு அதே வாரத்தில் அவர்களுடைய தேர்வு இருக்கும். ஆக, தேர்வுக்கு முந்தைய இரவு ஒன்பது மணிக்குக்கூட, ‘நாளைக்கு யாராவது வர முடியுமா?’ என்று வாட்ஸ்ஆப் குழுக்களில் செய்தி ஓடும். வருஷம் முழுக்கப் படித்த பாடத்தை எழுத ஒரு கை இல்லாமல் ஒரு பிள்ளை இரவெல்லாம் போனைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதை நினைத்தால் எனக்கு ஆத்திரம்தான் வருகிறது. அந்தப் பொறுப்பைக் கல்லூரிகள்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். எடுத்துக்கொள்ளும்வரை அந்தப் பிள்ளையின் தேர்வு காத்திருக்காதே.

இதில் உங்கள் பிளஸ் டூ எங்கே வருகிறது? மத்திய சமூக நீதி அமைச்சகம் 2018 ஆகஸ்ட்டில் ஒரு வழிகாட்டுதல் வெளியிட்டது. மாணவர் தானே ஆளைக் கூட்டிவந்தால், அந்த ஆளின் படிப்பு மாணவரின் படிப்பைவிட ஒரு படி குறைவாக இருக்க வேண்டும் என்றது அது. எழுத வந்தவரே விடையைச் சொல்லிக்கொடுத்துவிடக் கூடாது என்பதற்காக. அதனால் நன்றாகப் படித்த எத்தனையோ பேர் ஆசையோடு வந்தாலும் பட்டப்படிப்புத் தேர்வுக்கு அவர்களைச் சேர்க்க முடியாமல் போகிறது. பி.ஏ. மாணவிக்குப் பிளஸ் டூ படித்தவர்தான் பொருத்தம். திருமணத்தால் பாதியில் நின்ற படிப்பு என்று நீங்கள் வருத்தப்படுகிற அதே சான்றிதழைத் தேர்வு அறையின் வாசலில் கேட்டு வாங்கிப் பார்ப்பார்கள். விதிகள் அவ்வப்போது மாறும், தேர்வுக்குத் தேர்வு வேறுபடும். ஒப்புக்கொள்ளும் முன் அந்தந்தத் தேர்வின் அறிவிப்பைப் பார்த்துவிடுங்கள்.

நேரக் கணக்கும் சரியாக வரும். மணிக்கு இருபது நிமிடம் கூடுதல் நேரம் தர வேண்டும் என்பது அதே வழிகாட்டுதல். மூன்று மணி நேரத் தேர்வு நான்கு மணி நேரமாகும். பத்து மணிக்கு உட்கார்ந்தால் இரண்டு மணிக்கு எழுந்துவிடலாம். எழுத ஆள் தேவைப்படுகிறவர்கள் பார்வையற்றவர்கள் மட்டும்தான் என்றும் இல்லை. பேனா பிடித்தால் கை இழுத்துக்கொள்ளும் ஒருவர் குடிமைப் பணித் தேர்வுக்கு ஆள் கேட்டு வழக்குப் போட்டு, 2021 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது.

உள்ளே என்ன நடக்கும் என்று தெரிந்தால் உங்கள் பயம் போய்விடும். தனி அறையில் மாணவர், நீங்கள், ஒரு கண்காணிப்பாளர். முதலில் வினாத்தாளை முழுக்க ஒருமுறை வாசித்துக் காட்டுவீர்கள். எந்தக் கேள்வியை முதலில் எழுதுவது என்று அவர் மனதுக்குள் வரிசை போட்டுக்கொள்வார். பிறகு சொல்லத் தொடங்குவார். நான் எழுதப் போன ஒரு வரலாற்றுத் தேர்வில், அந்தத் தம்பி மேசை மேல் விரலால் தாளம் போட்டபடியே சொல்வார். “அக்கா, புதுப் பத்தி.” “அக்கா, ‘ஆகவே’வை அடிச்சிட்டு ‘ஆனாலும்’னு போடுங்க.” “பக்கத்துல இன்னும் எத்தனை வரி இருக்கு?” வேலூர்ப் புரட்சிக்கு 1809 என்று ஆண்டு சொன்னார். 1806 என்று எனக்குத் தெரியும். சொன்னதையே எழுதினேன். முகம் சுளிக்கவும் கூடாது, பேனாவை நிறுத்தித் தயங்கவும் கூடாது. அந்தத் தயக்கத்தையே குறிப்பாக எடுத்துக்கொள்ளலாம் அல்லவா? விடை முடிந்ததும் திரும்ப வாசிக்கச் சொன்னார். ஆண்டு வந்த இடத்தில் தாளம் நின்றது. “ஆறுக்கா, ஆறு. எட்டு பூஜ்யம் ஆறு.” திருத்தினேன். அந்த மதிப்பெண் முழுக்க அவருடையது.

இதற்கு வேண்டியது படிக்கும்படியான கையெழுத்து, தெளிவான உச்சரிப்பு, சொன்னதைச் சொன்னபடி எழுதும் நேர்மை. முன்பின் தெரியாதவராக இருந்தால் ஒரு நாள் முன்னதாகவே சந்தித்து, ஒரு பக்கம் சொல்லச் சொல்லி எழுதிப் பாருங்கள். அவர் வேகம் உங்களுக்கும், உங்கள் குரல் அவருக்கும் பழகும். அறைக்குப் போகும்போது கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகாதீர்கள். உங்கள் முழங்கையை அவர் பிடித்துக்கொண்டு அரை அடி பின்னால் வருவார். “பிறவியிலேயேவாம்மா?” என்று கேட்பதற்கு ஊரில் ஆயிரம் பேர் இருக்கிறார்கள், நீங்கள் கேட்க வேண்டாம். புண்ணியம் என்ற பேச்சையும் விட்டுவிடுங்கள். தேர்வெழுத வந்தவர் உங்களுக்குப் புண்ணியம் சேர்த்துத் தர வரவில்லை.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போகாமல் இருந்தால், அவருக்கு அந்தத் தாள் அரியர். அடுத்த வாய்ப்புக்கு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். வீட்டில் யாருக்காவது காய்ச்சல் என்றால் நீங்கள் என்ன செய்வீர்கள்? அதனால் தெருவில் உங்களைப் போல இன்னும் இரண்டு பேரைச் சேர்த்துக்கொண்ட பிறகே ஒப்புக்கொள்ளுங்கள். ஒருவர் போக முடியாவிட்டால் இன்னொருவர் போகலாம்.

வெளியே போகவே முடியாத நாட்களுக்கும் வேலை இருக்கிறது. பாடப்புத்தகத்தின் ஸ்கேன் பக்கங்கள் பல, கணினிக்கு வெறும் படங்கள்தான்; திரையில் உள்ள எழுத்தைக் குரலாக வாசிக்கும் திரைவாசிப்பான் மென்பொருள் அவற்றை அப்படியே படித்துக்காட்டாது. ஜெராக்ஸ் எடுத்த நோட்ஸ், பேராசிரியர் கையால் எழுதிக்கொடுத்த குறிப்பு, இவற்றை யாராவது வாசித்துத்தான் ஆக வேண்டும். செல்பேசியில் பதிவு செய்து அனுப்பலாம். ஒரு பாடத்துக்கு ஒரு கோப்பு. தொடக்கத்தில் பாடத்தின் பெயர், ஒவ்வொரு பக்கத்துக்கும் பக்க எண். அட்டவணை வந்தால் வரிசை வரிசையாக. படம் வந்தால் அதில் என்ன இருக்கிறது என்று இரண்டு வாக்கியம். உணர்ச்சி கொட்டி நடிக்க வேண்டாம், சீராக வாசித்தால் போதும். பதிப்புரிமை பற்றிக் கவலை வேண்டாம்: மாற்றுத்திறனாளிகள் பயன்படுத்தும் வடிவத்துக்குப் புத்தகங்களை லாப நோக்கமின்றி மாற்றிக்கொடுக்க 2012-ல் திருத்தப்பட்ட சட்டம் இடம் தருகிறது.

சென்னையைச் சேர்ந்த பெனோ செஃபைனை நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். முழுப் பார்வையிழப்போடு இந்திய வெளியுறவுப் பணியில் சேர்ந்த முதல் ஆள், 2015-ல். அவருக்குப் புத்தகங்களையும் செய்தித்தாள்களையும் மணிக்கணக்கில் வாசித்துக்காட்டியவர் அவருடைய அம்மா. அப்படி வாசித்துக்காட்ட வீட்டில் ஆள் இல்லாத பிள்ளைகள், எழுதப் படிக்கத் தெரியாத அப்பா அம்மாவுக்குப் பிறந்த பிள்ளைகள், நம் ஊர் அரசுக் கல்லூரி விடுதிகளிலேயே இருக்கிறார்கள். பகல் பன்னிரண்டு மணிக்கு நீங்கள் வாசித்து அனுப்புகிற பாடத்தை இரவு விடுதிக் கட்டிலில் படுத்தபடி அவர்கள் கேட்பார்கள்.

மகளின் பள்ளிக் கழிப்பறையில் தண்ணீர் வருவதில்லை என்றும் ஒரு வரி எழுதியிருந்தீர்கள். அரசுப் பள்ளி என்பதால் பள்ளி மேலாண்மைக் குழு இருக்கும். 2009 கல்வி உரிமைச் சட்டப்படி அதில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர், பாதிப்பேர் பெண்கள். கூட்டம் என்றைக்கு என்று தலைமை ஆசிரியரிடம் கேட்டு, இன்னும் இரண்டு தாய்மார்களோடு போய், விஷயத்தைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதவையுங்கள். எழுதியதை வாசித்துக்காட்டச் சொல்லிக் கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். வாயால் சொன்ன புகார் மறுநாளே மறந்துபோகும்.

மறுபடி தேர்வு விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் ஊருக்குப் பக்கத்தில் அரசு கலைக் கல்லூரி இருந்தால் தேர்வுக்காலத்துக்கு முன்பே ஒருநாள் போய்விட்டு வாருங்கள். தமிழ்த் துறையிலோ வரலாற்றுத் துறையிலோ பார்வையற்ற மாணவர்கள் இருக்கிறார்களா என்று கேளுங்கள். பிளஸ் டூ மதிப்பெண் சான்றிதழ், ஆதார், இவற்றின் நகலும், இரண்டு பாஸ்போர்ட் அளவு போட்டோவும் எடுத்துக்கொள்ளுங்கள், பெரும்பாலும் கேட்பார்கள். துறைத்தலைவர் அறைக்குள் போகக் கூச்சமாக இருந்தால் பக்கத்து வீட்டு அக்காவையும் கூட்டிக்கொண்டு போங்கள். உங்களுக்கு மாற்றாக எழுத ஓர் ஆள் வேண்டும் அல்லவா, அவரும் கல்லூரியைப் பார்த்த மாதிரி இருக்கும்.

அன்புடன்,
உங்கள் சகோதரி