உறக்கமும் ஒரு பாடமே!

காலாண்டுத் தேர்வின்போது விடுதியில் விளக்கணைத்த பிறகும் எங்கள் போர்வைக்குள் டார்ச் விளக்கு எரிந்தது. ஆங்கிலச் சொற்களையும் பொருளையும் நள்ளிரவு வரை உருப்போட்டோம். காலையில் வினாத்தாளைக் கண்டதும் பாதி மறந்து போயிற்று. குறை எங்கள் அறிவிலா? இல்லை, உறக்கத்தில்!

2016ஆம் ஆண்டு பிரெஞ்சு ஆய்வாளர்கள் ஒரு சோதனையை வெளியிட்டனர். பிரெஞ்சுக்காரர்கள் சிலர் 16 சுவாஹிலி மொழிச் சொற்களைக் கற்றனர். ஒரு பிரிவினர் காலையில் கற்று, அன்று மாலையே மீண்டும் படித்தனர். மற்றவர்கள் மாலையில் கற்று, இரவு உறங்கி, மறுநாள் காலையில் மீண்டும் படித்தனர். இரு பிரிவினருக்கும் இடைவெளி 12 மணி நேரமே. ஆயினும் உறங்கியவர்களுக்கு இரண்டாம் முறை ஏறக்குறையப் பாதிப் பயிற்சியே போதுமானதாயிற்று. ஆறு மாதங்களுக்குப் பின்னரும் அவர்களே அதிகச் சொற்களை நினைவில் வைத்திருந்தனர்.

காரணம் என்ன? நாம் ஆழ்ந்து உறங்கும்போது மூளை சும்மா இருப்பதில்லை. பகலில் கற்றதைத் திரும்ப ஓட்டிப் பார்த்து நிலைநிறுத்துகிறது. நம் வயதினருக்கு 8 முதல் 10 மணி நேர உறக்கம் தேவை என்பது மருத்துவர்களின் அறிவுரை.

ஆகவே தோழியரே, மாலைப் படிப்பு வேளையில் சொற்களைக் கற்போம். மணி அடித்ததும் உறங்குவோம். காலையில் எழுந்து அவற்றை மறுபடி பார்ப்போம். சிஸ்டர் விளக்கை அணைப்பது தண்டனையன்று. அன்றைய கடைசிப் பாடத்தின் தொடக்கமே!